மாமாவின் ஷிஃப்ட் சாப்பாடு

என் மாமனார் ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவார் என்று யாராவது கேட்டால், அந்த வாரம் வீட்டில் யார் யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பெருந்தீனிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் ஒல்லி. ருசி பார்க்கிற வழக்கமும் கிடையாது. குழம்பில் உப்பில்லை என்பதையே எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அவருக்கு இருந்தது வேறு வியாதி. தன் வீட்டில் ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பொழுது சாய்ந்ததும் எல்லோரும் வீடு திரும்புகிற ஊரில் பிறந்திருந்தால் இந்த வியாதி யார் கண்ணிலும் பட்டிருக்காது. மனிதர் பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் பிறந்து தொலைத்தார். சுற்றிலும் கம்பெனிகள் வந்தன. கல்யாணம் ஆகாத என் மச்சானுக்கு மறைமலை நகரில் வேலை, பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். மகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட். மருமகனாகப் போய்ச் சேர்ந்த எனக்கு ஒரகடத்தில் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். மச்சான் காலையில் வருவான், முதல் ஷிஃப்ட் வாரத்தில் நான் மத்தியானத்துக்கு மேல் வருவேன், அவள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவாள். வந்தவர் தட்டை எடுத்தால் எதிரில் மாமா தட்டோடு இருப்பார்.

ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட் எல்லாம் அவர் மண்டையில் ஏறவே இல்லை. மகன் போனது இட்லி ஷிஃப்ட். நான் போனது கொயம்பு ஷிஃப்ட், அதாவது குழம்புச் சோற்று நேரத்துக்குத் திரும்புவது. மகள் போனது தோசை ஷிஃப்ட். ஊரில் யாராவது உங்கள் மாப்பிள்ளைக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று விசாரித்தால், கொயம்பு என்று வெகு அலட்சியமாகச் சொல்வார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

நான் அந்த வீட்டுக்குள் நுழைந்ததே இந்த வியாதியால்தான். இரண்டாயிரத்து ஏழில் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ரூம்களில் ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். கூட இருந்த பையன்களுக்கெல்லாம் வேறு வேறு ஷிஃப்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, அடிப்பிடித்த சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேட்டியும் வெறும் உடம்புமாக வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

“இன்னாபா, தனியா துன்னுகினு கீற?”

எங்கள் ஊரில் தின்பது என்கிற வார்த்தையை மாட்டைப் பார்த்துத்தான் சொல்வோம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு நிறையச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்புமாகத் திரும்பி வந்தார். அட, நமக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார், நல்ல மனுஷன், தப்பாக நினைத்துவிட்டோமே என்று நான் கையை நீட்டப் போனேன். அவர் பாட்டுக்கு எதிரே குந்தினார், தட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார், சிலுவை போட்டு ஜெபம் சொன்னார், சாப்பிட ஆரம்பித்துவிட்டார். பாதிச் சோறு போன பிறகுதான் என் தட்டில் இருப்பது என்னவென்று பார்த்தார். பார்த்ததும் பதறிப்போய்க் கறி முழுவதையும் அள்ளி என் தட்டில் போட்டார். எனக்குக் கறி இல்லை என்பது அவர் கண்ணில் படவே இல்லை, எதிரில் ஆள் இல்லை என்பதுதான் பட்டிருக்கிறது.

அவர் மகளை நான் பார்த்ததும் அவள் என்னைப் பார்த்ததும் தனிக் கதை. அதை இங்கே எழுதினால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. சொந்தக்காரர்கள் தெற்கத்திப் பையன், வேதக்காரன்தான் என்றாலும் குடும்பம் எப்படியோ என்று இழுத்தபோது, இவனோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் என்று மாமா ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம். கல்யாணம் ஆனதும் பின்பக்க ரூமிலிருந்து முன்பக்க வீட்டுக்கு வந்தேன். வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டேன் என்று என் அம்மா போனில் இன்னும் இடித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவர் சாப்பிட உட்காருகிற அழகைச் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சாப்பிட உட்கார மாட்டார். அவருக்கும் வெட்கம் உண்டு. நீ சாப்பிடு, நான் சும்மா குந்திக்கினு இருக்கிறேன் என்பார். சும்மா இருக்கிற கைக்கு ஒரு அப்பளம் வேண்டும். அப்பளத்தை வெறுமனே எப்படிக் கடிப்பது, அதற்கு ஒரு பிடி சோறு. சோறு வந்தால் குழம்பு வராமல் இருக்குமா. அத்தை, அதாவது என் மாமியார், முழுத் தட்டையே கொண்டுவந்து வைத்துவிடுவார். ஒவ்வொரு தடவையும் சிலுவை, ஒவ்வொரு தடவையும் ஜெபம். அந்த வட்டாரத்திலேயே பங்குச் சாமியாரைவிட அதிகமாக ஜெபம் சொன்னவர் என் மாமனாராகத்தான் இருக்கும்.

தவக்காலம் வந்தால் வேடிக்கை இன்னும் அதிகம். வெள்ளிக்கிழமை ஒருசந்தி பிடிக்கிறவர்கள் அன்றைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவார்கள். மாமா ஒருசந்தியும் பிடிப்பார், இட்லி ஷிஃப்டையும் கொயம்பு ஷிஃப்டையும் தோசை ஷிஃப்டையும் விடமாட்டார். மனசு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு சாமியாரிடமே போய்க் கேட்டுவிட்டார். “ஒரே சாப்பாடுதான் சாமி. நடுவுல நடுவுல கை கய்வுறேன், அவ்ளோதான்.” சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நீங்கள் ஒருசந்தியை விட்டுவிட்டு அந்த நாளில் யாரையும் திட்டாமல் இருங்கள், போதும் என்று அனுப்பிவைத்தார். அதில் மட்டும் மாமா தோற்றுப்போனார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே, ஹாரன் அடித்துக்கொண்டு போன கம்பெனி பஸ்காரனைத் திட்டிவிட்டார்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் வேடிக்கையாக நின்றிருக்கும். இரண்டாயிரத்துப் பதினொன்றில் செருப்பு வார் உராய்ந்து அவர் கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண் வந்தது. தேங்காய் எண்ணெய் வைத்தார், மஞ்சள் வைத்தார், ஆறவில்லை. விரல் கறுத்துக்கொண்டே போனது. ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை தலைக்கு மேல் போயிருந்தது. டாக்டரம்மா எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தாவிட்டால் இன்றைக்கு விரல், நாளைக்குக் கால், அதற்கு அப்புறம் ஆளே இருக்க மாட்டார் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

மாத்திரைக்கு மாமா ஒத்துக்கொண்டார். பாகற்காய்க்கு ஒத்துக்கொண்டார். காலையில் ஏரிக்கரை வரை நடக்கவும் ஒத்துக்கொண்டார். வேளைக்கு ஒருத்தரோடு சாப்பிடுவதை மட்டும் விடமாட்டேன் என்றார். கால் போய்விடும் அப்பா என்று என் மனைவி கெஞ்சினாள்.

“கால் போனா இன்னா? குந்திக்கினு தானே துன்றோம்.”

அவர் சிரிப்பதற்காகத்தான் சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் போட்டதுதான் அந்தத் திட்டம். இனிமேல் இந்த வீட்டில் யாருக்கும் பசிக்காது. எல்லோரும் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறோம். எதிரில் தட்டு இல்லையென்றால் அவரும் தட்டை எடுக்க மாட்டார்.

கேன்டீன் பொய்யில்லை. கம்பெனியில் ஒரு வேளைச் சோறு போடுவார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டு லைனில் நின்று மாய்ந்து வீடு வருவதற்குள் மறுபடி குடலைப் பிடுங்கும், அதுதான் விஷயம். மச்சான் பஸ் இறங்கும் இடத்திலேயே டீக்கடையில் பொங்கலை விழுங்கிவிட்டு வந்தான். என் மனைவி டிபன் டப்பாவில் பிஸ்கட்டை ஒளித்துவைத்து, துணி மடிக்கிற சாக்கில் பீரோவுக்குப் பின்னால் நின்று கடித்தாள். நான் ஒரகடம் கூட்டு ரோட்டில் பரோட்டா. படித்த பிள்ளைகள், கைநிறையச் சம்பளம் வாங்குகிறவர்கள், சொந்த வீட்டில் சோறு வைத்துக்கொண்டு திருடன் மாதிரி சாப்பிட்டோம்.

மாமாவுக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும். ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நின்று மோந்து பார்த்துவிட்டு, உங்கள் கேன்டீனில் சால்னாகூட ஊற்றுகிறார்களா என்று கேட்டார். ஆமாம் மாமா, இன்றைக்கு ஸ்பெஷல் என்றேன். நல்ல கம்பெனி என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

திட்டம் பலித்தது. சர்க்கரை இறங்கியது, விரல் தப்பித்தது, புண் காய்ந்து தோல் வந்தது. டாக்டரம்மா எங்களைப் பாராட்டினார். நாங்களும் எங்களையே பாராட்டிக்கொண்டோம். மாமாதான் சுருங்கிப்போனார். அவருடைய நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்தபோது அதிகாரிகளுக்கு மோர் கொடுத்து அனுப்பிய மனிதர் அவர். இப்போது கம்பெனி பஸ்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சோறும் அவனே போட்டுட்டா, அப்பறம் வூடு இன்னாத்துக்கு?” என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டார்.

தனக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரு வேளைச் சோற்றையும் அவர் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. யாராவது ஒருத்தர் பசியோடு வரமாட்டார்களா என்று தள்ளித் தள்ளிப் போட்டார். மச்சான் வந்து கேன்டீன் என்பான். அப்புறம் எனக்காகக் காத்திருப்பார். நான் வந்து கேன்டீன் என்பேன். அதன் பிறகு ஆறிப்போன சோற்றில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். உடம்பு பாதியாகிவிட்டது. சர்க்கரையிலிருந்து காப்பாற்றிப் பட்டினியில் கொன்றுவிடப் போகிறோமோ என்று எனக்கு உள்ளூரப் பயம் வந்துவிட்டது. திட்டத்தைக் கலைத்தால் விரலுக்கு ஆபத்து, தொடர்ந்தால் ஆளுக்கே ஆபத்து.

அப்படி ஒரு மத்தியானம். நான் கொயம்பு ஷிஃப்ட் முடிந்து வந்து, வழக்கமான பொய்யைச் சொல்லிவிட்டு, பின்பக்கக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தது. அத்தை மாமாவுக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே திரும்பினார். மாமா சாப்பிடவில்லை. நீ சாப்பிட்டியா என்று கேட்டார். நான் அப்புறம் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றார் அத்தை.

“அப்பறம்னா யாரு கூட?”

அத்தைக்குக் கேள்வியே புரியவில்லை.

“யாரு கூட துன்னுவாங்க? எப்பவும் போலத்தான்.”

குழாயை மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. இட்லி ஷிஃப்டுக்கு மாமா, கொயம்பு ஷிஃப்டுக்கு மாமா, தோசை ஷிஃப்டுக்கு மாமா. எல்லோருக்கும் போட்டு, எல்லோரும் எழுந்த பிறகு, அடுப்பு ஓரத்தில் சட்டியை வழித்துக்கொண்டு அந்த அம்மா மட்டும் தனியாக. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். எங்கள் வீட்டில் ஒருத்தரும் தனியாகச் சாப்பிட மாட்டோம் என்று கம்பெனியில் நான் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. தனியாகச் சாப்பிடுகிறவனைத் தெருக்கோடியிலிருந்தே மோப்பம் பிடிக்கிற மாமா கண்ணிலும் படவில்லை.

மாமா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, சமையல்கட்டுக்குள் போய் அடுப்புக்கு எதிரே தரையில் குந்தினார். உன் தட்டையும் எடுத்துக்கொண்டு வா என்றார். அத்தைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இதென்ன புதுப் பழக்கம், மாப்பிள்ளை வேறு வந்திருக்கிறார் என்று முணுமுணுத்தார். மாமா விடவில்லை. கடைசியில் அத்தை சுவர்ப் பக்கம் பாதி திரும்பிக்கொண்டு உட்கார்ந்து, யாரோ துரத்துகிற மாதிரி அவசர அவசரமாக அள்ளிப் போட்டார். மெதுவாகச் சாப்பிடு, ரயிலா வருகிறது என்று மாமா கேலி செய்தார். அந்தக் குரலை நாங்கள் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. நான் குழாயடியிலேயே நின்று அழுதேன். முகத்தில் ஏற்கெனவே தண்ணீர் இருந்தது, வசதியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய வேடிக்கை. டாக்டரம்மாவுக்கும் தோன்றாத வைத்தியம் அது. பரிமாறுகிற ஆளே எதிரில் உட்கார்ந்துவிட்டால், இரண்டாம் தடவை சோறு யார் போடுவது? அப்பளம் கேட்டால், நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், எழுந்திருக்க முடியாது என்று அத்தை சொல்லிவிடுவார். மாமா எழுந்து சட்டிப் பக்கம் கையை நீட்டினால் கரண்டிக் காம்பால் ஒரு தட்டு விழும். வேளைக்கு ஒரு தட்டு, அதுவும் முழுசாக, நேரத்துக்கு. உடம்பும் தேறியது, சர்க்கரையும் ஏறவில்லை. பேச்சுதான் ஏறிக்கொண்டே போனது. அவ்வளவு காலம் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் அத்தை சாப்பாட்டு நேரத்தில் பேசினார். பக்கத்து வீட்டு மருமகளிலிருந்து மணிமங்கலத்தில் கட்டிக்கொடுத்த தன் தங்கை வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை. மாமா வாயைத் திறந்தால் சோறு போடுவதற்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. இவளிடம் நல்லா மாட்டிக்கொண்டேன் என்று என்னிடம் புலம்புவார். புலம்பிவிட்டுச் சரியான நேரத்துக்கு உள்ளே போய்க் குந்திக்கொள்வார்.

இப்போது பொய் சொல்ல அவசியமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் நாங்கள் விடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சமையல்கட்டில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் எங்களில் ஒருத்தர் பசி என்று போய் நின்றால், அத்தை உடனே எழுந்து கரண்டியைப் பிடித்துவிடுவார். அந்த அம்மாவை எழுப்பக் கூடாது என்பதற்காக, பசியில்லை என்கிற பொய்யை இருக்கிற பசிக்கு மேல் போர்த்திக்கொண்டு, கேன்டீன் கேன்டீன் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். கூட்டு ரோட்டுப் பரோட்டாக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் சால்னாவை எடுத்துவைக்கிற அளவுக்கு அது பழகிப்போயிற்று.

மூன்று வருஷத்துக்கு மேல் அப்படி இருந்தார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்தில், மழை தொடங்குவதற்கு முன்னால், மாமா போய்விட்டார். காலோடு, விரலோடு, முழுசாகப் போனார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார், வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன்கள் நேராகக் கல்லறைக்கு வந்தார்கள். பின்பக்க ரூமில் எப்போதோ குடியிருந்து, கல்யாணமாகி வேறு ஊர் போனவர்களெல்லாம் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் எதிரில் ஒரு தடவையாவது தட்டோடு குந்தியிருக்கிறார் போல. நான் அன்றைக்கு எதையும் மறைக்கவில்லை, சத்தம் போட்டே அழுதேன். என் அப்பாவுக்குக்கூட அப்படி அழவில்லை என்று ஊரிலிருந்து வந்திருந்த அம்மா வருத்தப்பட்டாள். இருக்கட்டும்.

ஏழாம் நாள் பூசை முடிந்தது. சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். லீவு தீர்ந்து நாங்களும் வேலைக்குத் திரும்பினோம். முதல் நாள் எனக்கு முதல் ஷிஃப்ட். கூட்டு ரோட்டில் வண்டி தானாக நின்றது, கை தானாகப் பரோட்டாவைப் பிய்த்தது. வீட்டுக்கு வந்தேன். அத்தை சமையல்கட்டில், வழக்கமான இடத்தில், முன்னால் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு போட்டிருந்தது, தொடவில்லை. எப்போது போட்டதோ, காய்ந்துபோயிருந்தது. சாப்பிடுகிறீர்களா மாப்பிள்ளை என்று கேட்டார். கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டேன் அத்தை என்று என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“அவருக்குத்தான் சக்கரை மாப்ள. எனக்கு ஒண்ணும் இல்ல. குந்துங்க.”

எனக்கு வயிறு முட்டப் பரோட்டா. ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.